எத்தனை சேனல், எங்கே?

அடையாறு எல்.பி. ரோட்டில் தொடங்கி, மயிலாப்பூர் வழியாக தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரை போனால், ஸ்கேன் சென்டர் பலகைகளை எண்ணிக்கொண்டே போகலாம். ஒரு காலத்தில் ‘எம்ஆர்ஐ வசதி உண்டு’ என்று எழுதியிருந்தாலே போதும். பிறகு ‘1.5 டெஸ்லா’ வந்தது. பிறகு ‘3 டெஸ்லா’. இப்போது கூடவே இன்னொரு எண்: 16 சேனல், 32 சேனல், 48 சேனல், 128 சேனல். டெஸ்லா என்றால் காந்தத்தின் வலு என்பது ஓரளவு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சேனல் என்றால் என்ன என்று விசாரித்தால், ஜாஸ்தி இருந்தா நல்லது என்பதற்கு மேல் பதில் கிடைப்பது கஷ்டம். பக்கத்திலேயே ‘128 ஸ்லைஸ் சிடி’ என்றும் எழுதியிருப்பதால், இரண்டும் ஏதோ ஒரே வகை எண் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இந்தக் குறிப்பு அந்த மூன்றாவது எண்ணைப் பற்றியது. சேனல் எண்ணிக்கை பொய்யான எண் இல்லை. ஆனால் உங்கள் முழங்கால் படம் எவ்வளவு தெளிவாக வரும் என்பதைப் பற்றி அது தனியாக எதுவும் சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய பொருள் ஒன்று உண்டு. உடம்பின் மேல் வைத்துக் கட்டும் காயில். எண்ணை விற்பவர்கள், வாங்குபவர்கள், செய்தியாக்குபவர்கள், அதன் மேல் ஆய்வுக்கட்டுரை எழுதுபவர்கள் என நாலு தரப்புமே அந்தக் காயிலைப் பார்க்கத் தவறுகிறோம் என்பதுதான் என் புகார். புகாரைச் சொல்வதற்கு முன் காயில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

உள்ளே இருப்பது ஒரு ரேடியோ

1.5 டெஸ்லா காந்தப்புலத்தில், உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஏறத்தாழ 63.87 மெகாஹெர்ட்ஸில் அதிர்கின்றன. 3 டெஸ்லாவில் அதன் இரட்டிப்பு, 127.7. நாம் பஸ்ஸில் கேட்கும் எஃப்எம் ரேடியோ 88க்கும் 108க்கும் இடையே, அதாவது சரியாக இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. எம்ஆர்ஐ அறையைச் சுற்றி செம்புத் தகட்டில் கூண்டு கட்டுவது இதனால்தான். வெளியே இருக்கும் ஒலிபரப்பும் இதர ரேடியோ சத்தமும் உள்ளே வந்தால் படம் கெட்டுப்போகும். அணுக்கரு தரும் சிக்னல் அவ்வளவு மெல்லியது.

அந்தச் சிக்னலைப் பிடிக்கும் கம்பி வளையம்தான் காயில். நல்ல காயிலில், 1.5 டெஸ்லாவில், இரைச்சலின் பெரும்பகுதி எலக்ட்ரானிக்ஸிலிருந்து வருவதில்லை. படுத்திருக்கும் மனித உடம்பிலிருந்தே வருகிறது. உப்பு கரைந்த, வெதுவெதுப்பான, மின்சாரம் கடத்தும் சதை அல்லவா? காயில் எவ்வளவு உடம்பைப் ‘பார்க்கிறதோ’ அவ்வளவு உடம்பின் இரைச்சலையும் சேர்த்தே வாங்கும். பெரிய காயில் ஆழமாகப் பார்க்கும், ஆனால் மொத்த உடம்பின் இரைச்சலையும் அள்ளிக்கொண்டு வரும். சின்னக் காயில் ஏறக்குறைய தன் ஆரத்தின் அளவு ஆழம்வரைதான் நன்றாகப் பார்க்கும், ஆனால் இரைச்சல் கொஞ்சம்தான்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதை மார்கழி கச்சேரியை வைத்துச் சொல்லலாம். சபா ஹாலின் கடைசி வரிசையில் ஒரே ஒரு மைக்கை வைத்துப் பதிவு செய்தால் வீணை வரும், கூடவே இருமல், நாற்காலி கிறீச், கேன்டீன் தட்டுச் சத்தம் எல்லாம் வரும். வீணை மேலேயே மைக்கை ஒட்டிவைத்தால் வீணை மட்டும் கணீரென்று வரும், மிருதங்கம் காணாமல் போகும். ஆளுக்கொரு மைக் வைத்து, தனித்தனியாகப் பதிவு செய்து, பிறகு கலந்தால் இரண்டு லாபமும் கிடைக்கும். இந்த உவமை ஓர் இடத்தில் உதைக்கும்: இங்கே பாடுபவரும் இருமுபவரும் ஒரே ஆள்தான், அதே உடம்பு. ஆனாலும் ஆளுக்கொரு மைக் என்ற யோசனை அப்படியே பொருந்தும்.

எம்ஆர்ஐயில் அந்த யோசனையைச் செய்துகாட்டியது 1990இல் வெளிவந்த ரோமர், எடெல்ஸ்டீன், ஹேய்ஸ், சூசா, முல்லர் ஆகியோரின் கட்டுரை. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் செய்த வேலை. பல சின்னக் காயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது எளிதல்ல. ஒன்றின் காந்தப்புலம் அடுத்ததில் பாய்ந்து, இரண்டும் தங்கள் அலைவரிசையிலிருந்து விலகிப்போகும். இதற்கு அவர்கள் இரண்டு தந்திரங்களைக் கொடுத்தார்கள். முதலாவது, பக்கத்து வளையங்களைச் சற்று ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி வைப்பது. வட்ட வளையங்களின் மையங்கள் விட்டத்தின் முக்கால் பங்கு தூரத்தில் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் காந்தப்பாயம் கூட்டிக்கழித்துப் பூஜ்ஜியமாகிவிடும். இரண்டாவது, உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறைவாக உள்ள முன்பெருக்கியைச் சேர்த்து, வளையத்தில் ஓடும் மின்னோட்டத்தையே அடக்கிவிடுவது. மின்னோட்டம் இல்லையென்றால் பக்கத்து வளையத்துக்குத் தொந்தரவும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கழித்தும் இந்த இரண்டு தந்திரங்களும்தான் அடித்தளம்.

ஒவ்வொரு வளையத்துக்கும் தனியாக ஒரு பெருக்கி, தனியாக ஒரு ரிசீவர், தனியாக ஓர் இலக்கமாக்கி. அந்தத் தனித்தனிப் பாதைதான் ‘சேனல்’. அவ்வளவுதான் விஷயம்.

ஒரே எண், இரண்டு படங்கள்

1990களின் கடைசியில் இந்தச் சேனல்களுக்கு இன்னொரு வேலை கிடைத்தது: ஸ்கேன் நேரத்தைக் குறைப்பது. 1997இல் சோடிக்சனும் மேனிங்கும் ‘ஸ்மாஷ்’, 1999இல் சூரிச்சிலிருந்து ப்ரூஸ்மனும் கூட்டாளிகளும் ‘சென்ஸ்’, 2002இல் க்ரிஸ்வோல்டும் கூட்டாளிகளும் ‘க்ராப்பா’ என்று வரிசையாக வழிகள் வந்தன. அடிப்படை ஒன்றுதான். எடுக்கவேண்டிய தரவில் பாதியை மட்டும் எடுத்தால் படம் மடிந்துவிடும், இரண்டு பிக்சல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். ஒரே காயில் இருந்தால் பிரிக்க வழியில்லை. இரண்டு காயில்கள் இரண்டு இடங்களிலிருந்து பார்த்தால், இரண்டு சமன்பாடுகள் கிடைக்கும். பத்தாம் வகுப்புக் கணக்கு.

கணக்கைப் போட்டே பார்ப்போம். மடிந்து விழுந்த இரண்டு பிக்சல்கள் அ, ஆ. முதல் காயில் அ-வுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குக் கிடைப்பது 1 பங்கு அ, 0.2 பங்கு ஆ. இரண்டாவது ஆ-வுக்குப் பக்கம்: 0.3 பங்கு அ, 1 பங்கு ஆ. அ = 5, ஆ = 10 என்றால் முதல் காயில் 7 என்று காட்டும், இரண்டாவது 11.5 என்று காட்டும். அங்கிருந்து திரும்பிவந்து அ, ஆ இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு காயிலிலும் 1 அலகு இரைச்சல் இருந்தால், அ-வின் விடையில் வரும் இரைச்சல் சுமார் 1.08. பழுதில்லை.

இப்போது அதே இரண்டு காயில்களை ஒன்றுபோலவே பார்க்கும்படி வைப்போம். முதலாவதற்கு 1, 0.9. இரண்டாவதற்கு 0.9, 1. இப்போதும் இரண்டு சமன்பாடுகள், விடையும் வரும். ஆனால் அதே 1 அலகு இரைச்சல் விடையில் சுமார் 7 ஆகப் பெருகி நிற்கும். படம் முழுக்க மணல் தூவின மாதிரி.

இரண்டு அமைப்புக்கும் பலகையில் ஒரே வாசகம்தான் எழுத முடியும்: ‘2 சேனல்’.

இதன் முழு வடிவத்துக்கு ஆய்வாளர்கள் ‘ஜி-காரணி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதோடு, தரவைப் பாதியாகக் குறைத்தால் சிக்னல்-இரைச்சல் விகிதம் √2 பங்கு குறையும், கால்வாசியாக்கினால் பாதியாகும். இந்த வரி எப்போதும் கட்டியாகவேண்டியது. ஜி-காரணி அதற்கு மேல் வட்டி. வட்டி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது காயில்களின் வடிவமும் இடமும், அவை உடம்போடு எவ்வளவு ஒட்டி இருக்கின்றன என்பதும்.

சேனல் கூடக்கூட லாபம் அதே வேகத்தில் கூடிக்கொண்டும் போகாது. பாஸ்டனில் விக்கின்ஸ் குழு 2006இல் 32 சேனல் தலைக் காயிலும், 2009இல் 96 சேனல் தலைக் காயிலும் கட்டிப் பார்த்தது. 32இலிருந்து 96க்குப் போனதில் மூளையின் ஓரப் பட்டையில் நல்ல லாபம். வேகமாக எடுக்கும் படங்களில் இரைச்சல் பெருக்கமும் குறைந்தது. ஆனால் வேகப்படுத்தாத படத்தில், மூளையின் நடுப்பகுதியில் ஏறக்குறைய அதே நிலைதான். சின்ன வளையம் ஆழம் பார்க்காது என்ற பழைய விதியை எண்ணிக்கையால் ஏமாற்ற முடியவில்லை.

பலகையில் எழுதுவது எது

இனி புகார்கள். முதலாவது விற்பவர்கள் மேல்.

கம்பெனி விவரக் குறிப்பில் 204×48 போன்ற எண்களைப் பார்த்திருக்கலாம். சீமென்ஸ் ‘டிம்’ என்ற பெயரில் 2003 வாக்கில் கொண்டுவந்த முறை இது. அப்போது 76×32. முதல் எண், ஒரே சமயத்தில் இயந்திரத்தில் செருகிவைக்கக்கூடிய காயில் வளையங்கள். இரண்டாவது, ஒரே சமயத்தில் கேட்கக்கூடிய ரிசீவர்கள். இரண்டுமே உச்சவரம்புகள். முழங்காலுக்கு 15 வளையக் காயிலைக் கட்டினால், அன்றைக்கு அந்த நோயாளிக்கு அது 15 சேனல் இயந்திரம். மிச்ச ரிசீவர்கள் சும்மா இருக்கும். உஸ்மான் ரோட்டில் எட்டு மாடிக் கடைக்குள் போய் ஒரு புடவை வாங்கிக்கொண்டு வருகிறோம், மாடிகளின் எண்ணிக்கை புடவையின் தரம் ஆகிவிடுமா?

2010இல் பிலிப்ஸ் கொண்டுவந்த முறையில் சிக்னல் காயில் பக்கத்திலேயே இலக்கமாக்கப்பட்டுவிடுகிறது. ரிசீவரே காயிலோடு வந்துவிடுவதால், இயந்திரத்துக்கு இத்தனை சேனல் என்ற பேச்சே பொருளிழந்துபோகிறது. விற்பவர்களே ஒரு பக்கம் அந்த எண்ணைக் கைவிடத் தொடங்கியும், தெருப் பலகைகளில் அது தொடர்ந்து ஏறிக்கொண்டே போகிறது.

இரண்டாவது புகார் ஸ்கேன் சென்டர்கள் மேல், இதுதான் நோயாளிக்கு நேரடியாக வலிக்கும் விஷயம். காயில் என்பது தினமும் கையாளப்படும் பொருள். தூக்குவார்கள், மடக்குவார்கள், கேபிளைப் பிடித்து இழுப்பார்கள், அவசரத்தில் கீழேயும் விழும். பதினாறு வளையங்களில் ஒன்று இரண்டு செத்துப்போவது அபூர்வமில்லை. செத்துப்போனால் படத்தில் அந்த இடம் இருட்டாகத் தெரியவேண்டும். ஆனால் பெரும்பாலான இயந்திரங்களில் வெளிச்சத்தைச் சமப்படுத்தும் மென்பொருள் இருக்கிறது. இருண்ட இடத்தை அது தூக்கிக் காட்டிவிடும். வெளிச்சம் திரும்பிவரும், சிக்னல் திரும்பிவராது. அந்த இடத்தில் மட்டும் இரைச்சல் கூடுதலாக இருக்கும். அங்கே ஒரு சின்ன வட்டுப் பிதுக்கமோ மெல்லிய குருத்தெலும்புக் கிழிசலோ இருந்தால், படம் பார்க்கும் டாக்டருக்குத் தெரியாமலே போகலாம். பலகை மட்டும் அப்போதும் 16 சேனல் என்றே சொல்லும், அதற்கான காசையும் கொடுத்திருப்போம்.

இதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. நீர் நிரப்பிய சோதனை உருளையை வைத்து, ரேடியோத் துடிப்பு எதுவும் அனுப்பாமல், ஒவ்வொரு சேனலின் இரைச்சலை மட்டும் பதிவு செய்து, எது எதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் செத்த வளையம் தனியாக நிற்கும். சில நிமிஷ வேலை. அமெரிக்காவில் ஏசிஆர் அங்கீகாரம் வேண்டுமென்றால் ஆண்டுக்கொருமுறை காயில்களைச் சோதித்தாகவேண்டும். இங்கே எக்ஸ்ரேவும் சிடியும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமத்தின் கீழ் வருகின்றன. எம்ஆர்ஐயில் அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லை, எனவே வராது. கதிர்வீச்சு இல்லாதது நல்ல செய்திதான். அதனால் தரத்தைக் கேட்க ஆள் வேண்டாம் என்று ஆகிவிடாது.

ஆய்வாளர்களின் பங்கு

மூன்றாவது புகார் ஆய்வுக்கட்டுரைகள் மேல். ஐஐடி மெட்ராஸை ஒட்டிய ஆராய்ச்சிப் பூங்காவில் இயங்கும் எச்டிஐசி உட்பட, இந்தியாவில் பல குழுக்கள் ஆழ்கற்றல் மூலம் எம்ஆர்ஐ படத்தை மீட்டெடுக்கும் வழிமுறைகளை எழுதிவருகின்றன. குறைவான தரவிலிருந்து முழுப் படம். நோக்கம் நல்லது, ஏனென்றால் ஒரு நோயாளிக்கு எடுக்கும் நேரம் பாதியானால் வரிசையில் காத்திருக்கும் இன்னொருவருக்கு இடம் கிடைக்கும்.

ஆனால் இந்தத் துறையில், உலகம் முழுக்கவே, ஒரு வசதியான பழக்கம் பரவியிருக்கிறது. 2018இல் நியூயார்க் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் வெளியிட்ட ‘ஃபாஸ்ட் எம்ஆர்ஐ’ தரவுத்தொகுப்பில் முழங்கால் படங்கள் 15 சேனல் காயிலில் எடுக்கப்பட்டவை. அதோடு ‘ஒற்றைக் காயில்’ வடிவம் ஒன்றும் கொடுத்தார்கள். அது 15 சேனல்களையும் கணக்கில் கலந்து செய்த போலி ஒற்றைக் காயில் என்று அவர்களே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார்கள். தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்பது எண்ணம். 2020இல் நடத்திய போட்டியில் அந்த ஒற்றைக் காயில் பிரிவையே எடுத்துவிட்டார்கள். ஆனால் அதன் மேல் கட்டுரை எழுதும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் நிற்கவில்லை. நினைவகம் குறைவாகப் போதும், நிரல் சின்னது, எண்கள் அழகாக வரும்.

இன்னும் மோசமான வடிவம், ஏற்கெனவே செய்து முடித்த படத்தை எடுத்து, தலைகீழாக ஃபூரியர் மாற்றம் செய்து, அதைக் ‘கச்சாத் தரவு’ என்று வைத்துக்கொள்வது. இப்படிச் செய்தால் வழிமுறை உண்மையில் இருப்பதைவிடச் சிறப்பாகத் தெரியும் என்று ஷிம்ரோன், தமீர், வாங், லஸ்டிக் நால்வரும் 2022இல் எண்களோடு காட்டினார்கள். தரவுக் குற்றம் என்ற பொருள்பட அதற்குக் கடுமையாகவே பெயரும் வைத்தார்கள்.

நடைமுறையில் இன்றைய இயந்திரம் எதுவும் ஒற்றைக் காயிலால் முழங்காலைப் பார்ப்பதில்லை. பல சேனல்கள் தரும் தகவலை முதலில் தூக்கிப்போட்டுவிட்டு, பிறகு அந்தக் குறையை வலைப்பின்னலை வைத்து நிரப்பி, ‘இத்தனை டெசிபல் முன்னேற்றம்’ என்று அட்டவணை போடுவதில் யாருக்கு என்ன லாபம்? பட்டம் கிடைக்கும். கிளினிக்குக்குப் போகாது.

ஆய்வாளர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. காயிலிலிருந்து வரும் கச்சாத் தரவு பெரியது, கம்பெனிக்குக் கம்பெனி வேறு வடிவத்தில் பூட்டப்பட்டது. வழக்கமான ஸ்கேனில் படம் தயாரானதும் சீக்கிரமே அழிக்கப்பட்டுவிடும். இந்த நகரத்தில் ஒவ்வொரு நாளும் உருவாகி மறையும் அந்தத் தரவில் ஒரு துளியை, நோயாளியின் சம்மதத்தோடு, அடையாளம் நீக்கிச் சேமித்தாலே நம் மாணவர்கள் நியூயார்க் முழங்கால்களை நம்பியிருக்கவேண்டாம்.

காந்தம் வந்தாச்சு, காயில்?

நாலாவது புகார் செய்திகள் மேல். 2025 மார்ச்சில், உள்நாட்டிலேயே உருவாகும் 1.5 டெஸ்லா எம்ஆர்ஐயைப் பரிசோதிக்க, எய்ம்ஸ் டெல்லியும் சமீர் நிறுவனமும் ஒப்பந்தம் போட்டன. சமீரின் மும்பை மையம் தலைமை. மீக்கடத்திக் காந்தத்துக்கு டெல்லியில் ஐயுஏசி, மற்ற பகுதிகளுக்கு சி-டாக் மையங்கள் என்று பல கைகள். பெங்களூரில் வாக்சல்கிரிட்ஸ் என்ற நிறுவனம், ஸோஹோவின் முதலீட்டோடு, தனியாக ஒரு 1.5 டெஸ்லா ஸ்கேனரைச் செய்திருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, இரண்டுமே பெரிய காரியங்கள். ஆனால் நான் படித்த செய்திகளில் டெஸ்லா இருந்தது, விலை இருந்தது, இறக்குமதிச் சதவீதம் இருந்தது. எந்த உறுப்புக்கு எத்தனை வளையக் காயில், யார் கட்டியது, அதன் சிக்னல்-இரைச்சல் விகிதம் என்ன என்று ஒரு வரி இல்லை. நல்ல காந்தத்தோடு சுமாரான காயில் சேர்ந்தால், சபாவில் வித்வான் அருமையாகப் பாடியும் மைக் செட் கைவிட்ட கதையாகிவிடும்.

நம்மால் சீக்கிரம் கைவைக்க முடிந்த பகுதியும் இந்தக் காயில்தான். காந்தத்துக்கு ஹீலியம், மீக்கடத்திக் கம்பி, குளிர்விப்பு எல்லாம் வேண்டும். காயிலுக்கு அப்படியில்லை. 10 செ.மீ. விட்டமுள்ள செம்புக் கம்பி வளையத்தின் மின்தூண்டல் சுமார் 250 நானோஹென்றி. அதை 63.87 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசைக்க சுமார் 25 பிகோஃபாரட் மின்தேக்கி போதும். எந்தப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்திலும், வலையமைப்புப் பகுப்பாய்வி ஒன்று இருந்தால், ஒரு மதிய நேரத்தில் செய்து பார்க்கலாம்.

அங்கிருந்து நோயாளி மேல் வைக்கும் காயிலுக்குப் போகும் வழி நீளம் என்பதையும் சொல்லவேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சாதா மின்தேக்கியின் முனைகளில் பெரும்பாலும் நிக்கல் இருக்கும். அது காந்தப்புலத்தையே கோணலாக்கிவிடும். காந்தமில்லாத வகை தனியாக வாங்கவேண்டும். இயந்திரம் துடிப்பை அனுப்பும் நேரத்தில் பின் டயோடு மூலம் வளையத்தை அலைவரிசையிலிருந்து விலக்கியாகவேண்டும். இல்லாவிட்டால் வளையத்தில் மின்னோட்டம் பாய்ந்து தோலைச் சுட்டுவிடும். இதெல்லாம் தெரிந்த, எழுதப்பட்ட, கற்றுக்கொள்ளக்கூடிய பொறியியல்தான். தரமணி சிஐடி வளாகத்தில் சமீரின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது, நடந்துபோகும் தூரத்தில் ஆராய்ச்சிப் பூங்கா. இந்த ஒரு பேட்டையிலேயே தேவையான கைகள் இருக்கின்றன.

குழந்தைகளை வைத்துப் பார்த்தால் அவசரம் புரியும். பெரியவர்களின் தலைக் காயிலுக்குள் ஒரு வயதுக் குழந்தையின் தலையை வைத்தால் சுற்றிலும் இடைவெளி. இடைவெளி என்றால் சிக்னல் நஷ்டம், அசைய இடம், அதனால் நீளும் மயக்க மருந்து நேரம். 2011இல் கைல் குழு, பிறந்த குழந்தையிலிருந்து 7 வயது வரை ஐந்து அளவுகளில் 32 சேனல் தலைக் காயில்களைக் கட்டி, அளவு பொருந்தினால் கிடைக்கும் லாபத்தை அளந்து காட்டியது. அந்த ஐந்துக்கும் சேனல் எண் ஒன்றேதான். மாறியது அளவு மட்டும்.

எனவே அடுத்த முறை ஸ்கேனுக்குப் போகிறவர்கள் எத்தனை சேனல் என்று கேட்கவேண்டாம். என் முழங்காலுக்கு, அல்லது என் குழந்தையின் தலைக்கு, எந்தக் காயிலைக் கட்டப்போகிறீர்கள், அதில் எத்தனை வளையம், கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று கேளுங்கள். முதல் நாள் முழிப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் சோதனைத் தேதியைக் காயில் மேலேயே ஒட்டிவைப்பார்கள். அறிக்கையின் மேல்பகுதியில், 1.5 டெஸ்லா என்று அச்சடிக்கும் அதே வரியில், காயிலின் பெயரும் வேலை செய்த வளையங்களின் எண்ணிக்கையும் வந்தால், சேனல் என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக ஓர் அர்த்தம் கிடைக்கும்.